எண் ஒலியாகும் வழி

இவ்விழா மண்டபத்தில் எமது மாணவர்கள் ஆடுவதற்காக ஒலிக்கும் பின்னணி இசை, ஒலிபெருக்கியை அடைவதற்குச் சற்று முன்வரை வெறும் எண்களாகவே இருக்கின்றது. இறுவட்டாயினும் கணினியாயினும் கைத்தொலைபேசியாயினும், அவற்றினுள் இசை சேமிக்கப்பட்டிருப்பது 0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களின் நீண்ட வரிசையாகவே. ஆனால் ஒலிபெருக்கியின் கூம்பு எண்களை அறியாது. அதனை அசைப்பதற்குத் தொடர்ச்சியாக ஏறி இறங்கும் மின்னழுத்தம் வேண்டும். எண்ணைப் பெற்று, அதற்கேற்ற அளவு மின்னழுத்தத்தைத் தரும் சுற்றையே இலக்கமுறை-ஒப்புமை மாற்றி என்பர். எமது பிள்ளைகள் தம் பாடசாலையில் இதனை டி.ஏ.சி. என்று கற்பர். இக்கட்டுரையில் நாம் இதனைச் சுருக்கமாக மாற்றி என்றே அழைப்போம்.

ஓர் இறுவட்டு, ஒவ்வொரு செவிக்கும் செக்கனுக்கு 44,100 எண்களைத் தருகின்றது. ஒவ்வோர் எண்ணும் 16 துவித இலக்கங்களைக் கொண்டது. எனவே மாற்றியானது 65,536 வெவ்வேறு படிகளுள் சரியான ஒன்றைத் தெரிந்து, 22.7 மைக்குரோ செக்கனுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். இறுவட்டுக் கருவி தரும் மிகக் கூடிய அழுத்தத்திற்கும் மிகக் குறைந்த அழுத்தத்திற்கும் இடையிலான வேறுபாடு பொதுவாக 5.7 வோல்ற்று அளவினது. அதனை 65,536 படிகளாகப் பிரித்தால் ஒரு படியின் உயரம் ஏறத்தாழ 86 மைக்குரோ வோல்ற்று. அதாவது ஒரு வோல்ற்றின் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு.

இதனை அமைப்பதற்குப் பல வழிகள் உண்டு. ஒவ்வொரு வழியிலும் ஒரு நன்மையைப் பெறுவதற்கு மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது. செம்மை, வேகம், மின்செலவு, விலை ஆகிய நான்கிலும் ஒருங்கே முதலிடம் பெறும் சுற்று எதுவும் இல்லை. பிழையே இல்லாத சுற்றும் இல்லை. பிழையைக் கேட்போருக்கு மிகக் குறைந்த தீங்கு விளையும் இடத்தில் வைப்பதே பொறியியலாளரின் பணியாகும். அஃது எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படிக்கற்களும் துவித எண்களும்

மாற்றியின் அடிப்படையை விளங்கிக்கொள்ள ஒரு தராசும் சில படிக்கற்களும் போதும். நான் ஊரிலே பௌதிகவியல் கற்பித்தபோது ஆய்வுகூடத்து நிறைப்பெட்டியில் 1, 2, 2, 5 என்ற வரிசையில் படிகள் இருந்தன. அவற்றைக்கொண்டு 1 முதல் 10 வரை எந்த நிறையையும் அமைக்கலாம். துவித எண் முறையிலோ 1, 2, 4, 8 என ஒவ்வொன்றும் முன்னையதன் இரு மடங்காக அமையும். இந்த நான்கு கற்களைக்கொண்டு 0 முதல் 15 வரை எல்லா நிறைகளையும் அமைக்கலாம். 1 என்ற இலக்கம் கல்லை வை என்பதையும், 0 என்ற இலக்கம் கல்லை எடு என்பதையும் குறிக்கும். எனவே 1011 என்ற துவித எண் 8, 2, 1 ஆகிய கற்களை வைத்து 11 என்ற நிறையைத் தரும்.

மின்சுற்றில் கற்களுக்குப் பதிலாகத் தடையிகள் உள்ளன. கல்லை வைத்து எடுக்கும் கைக்குப் பதிலாக, சுவிச்சு என நாம் வழங்கும் ஆளிகள் உள்ளன. தடை இரு மடங்கானால் அதனூடு பாயும் மின்னோட்டம் பாதியாகும் என்பது ஓமின் விதி. ஆகவே 1, 2, 4, 8 என்ற விகிதத்தில் தடையிகளை அமைத்து, அவற்றின் மின்னோட்டங்களைக் கூட்டினால் எண்ணுக்கேற்ற மின்னோட்டம் கிடைக்கும். 16 இலக்கங்களுக்கு 16 தடையிகளும் 16 ஆளிகளும் மட்டுமே தேவை. இது மிகச் சிக்கனமான அமைப்பு.

ஆனால் இச்சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. 16 இலக்க மாற்றியில் மிகச் சிறிய தடைக்கும் மிகப் பெரிய தடைக்கும் உள்ள விகிதம் 1 இற்கு 32,768. சிறியது 1 கிலோ ஓம் என்றால் பெரியது 32.768 மெகா ஓம். இவ்வளவு வேறுபட்ட தடையிகளை ஒரே சில்லினுள் செம்மையாக அமைத்தல் இயலாத காரியம் என்றே கூறலாம்.

கூடக் கேட்டவருக்குக் குறையக் கிடைத்தல்

இதனிலும் பெரிய இடர் ஒன்று உண்டு. வியாபாரி ஒருவரிடம் 1, 2, 4, 8 கிலோகிராம் கற்கள் உள்ளன எனக் கொள்வோம். சிறிய மூன்று கற்களும் சரியானவை. பெரிய கல் மட்டும் தேய்ந்து 6.8 கிலோகிராம் ஆகிவிட்டது. ஏழு கிலோகிராம் அரிசி கேட்பவருக்கு 4, 2, 1 ஆகிய கற்களை வைத்து நிறுக்கின்றார். அவருக்குச் சரியாக ஏழு கிடைக்கின்றது. எட்டு கேட்பவருக்குப் பெரிய கல்லை மட்டும் வைக்கின்றார். அவருக்கு 6.8 கிலோகிராமே கிடைக்கின்றது. கூடக் கேட்டவருக்குக் குறையக் கிடைத்துவிட்டது.

மாற்றியிலும் இதுவே நிகழும். எண் ஏறும்போது அழுத்தம் இறங்கும். எல்லா அளவுகளும் ஒரே விகிதத்தில் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ காது அதனை அறியாது. இசை சற்று உரத்தோ மெலிந்தோ கேட்கும், அவ்வளவே. ஆனால் ஏறவேண்டிய இடத்தில் இறங்கும் பிழை இசையின் வடிவத்தையே கெடுக்கும். அதுவும் நடுப்பகுதியில், அதாவது 0111 என்பது 1000 ஆக மாறும் இடத்தில் நிகழ்வதனால், மெல்லிய ஒலிகளே மிகுதியாகப் பாதிக்கப்படும். ஒலியலை எப்போதும் நடுக்கோட்டைக் கடந்துகொண்டே இருக்கின்றது அல்லவா?

16 இலக்க மாற்றியில் மிகப் பெரிய கல் மற்ற எல்லாக் கற்களுடனும் ஒத்துப்போக வேண்டுமாயின், அதன் பிழை 65,536 இல் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. அது நூற்றுக்கு 0.0015 ஆகும். கடையில் நாம் வாங்கும் நல்ல தடையியின் பிழையோ நூற்றுக்கு 1.

நடுப்பகுதியில் இன்னுமோர் இடரும் உண்டு. ஏழிலிருந்து எட்டுக்கு மாறும்போது மூன்று கற்களை எடுத்து ஒரு கல்லை வைக்க வேண்டும். எடுக்கும் கை முந்தினால் ஒரு கணம் தட்டு வெறுமையாகும். வைக்கும் கை முந்தினால் ஒரு கணம் தட்டில் 15 இருக்கும். மாற்றியில் எல்லா ஆளிகளும் ஒரே கணத்தில் இயங்குவதில்லை. ஆகையால் இம்மாற்றத்தின்போது வெளியீட்டில் கூரிய துடிப்பொன்று தோன்றும். வேகம் கூடக்கூட இத்துடிப்பின் தீங்கும் கூடும்.

சம கற்களும் ஏணியும்

இவ்விடரைத் தீர்க்க எல்லாக் கற்களையும் சமமாக ஆக்கிவிடலாம். ஒரு கிலோகிராம் கற்கள் பதினைந்தை வைத்துக்கொண்டு, எண் ஒன்று கூடும்போது ஒரு கல்லைச் சேர்த்தால் போதும். ஏற்கெனவே வைத்த கல்லை எடுக்க வேண்டியதில்லை. கற்கள் சற்றுக் கூடியோ குறைந்தோ இருந்தாலும், ஒரு கல்லைச் சேர்த்தால் நிறை ஏறுமேயன்றி இறங்காது. தடையிகளைச் சங்கிலிபோலத் தொடராக இணைத்து, வேண்டிய இடத்தில் அழுத்தத்தைப் பெறும் சங்கிலி மாற்றி இக்கொள்கையில் அமைந்தது.

குறை யாதெனின், எண்ணிக்கை. 8 இலக்கங்களுக்கு 256 தடையிகள். 16 இலக்கங்களுக்கு 65,536 தடையிகளும் அவ்வளவு ஆளிகளும். ஒவ்வோர் ஆளியும் சிறிதளவு மின்னேற்றத்தைத் தன்னிடம் தேக்கிக்கொள்ளும். பல்லாயிரம் ஆளிகள் சேர்ந்தால் வெளியீடு மந்தமாகிவிடும்.

மூன்றாவது வழி ஏணிச் சுற்று. ஏணியின் பக்கச் சட்டத்தில் ஒரு மடங்கு தடையும், படிகளில் இரு மடங்கு தடையும் இணைக்கப்படும். மின்னோட்டம் ஒவ்வொரு சந்தியிலும் இரு சம பங்காகப் பிரிவதால், 1, 2, 4, 8 என்ற விகிதம் தானாகவே கிடைக்கின்றது. இரண்டே வகைத் தடையிகள் போதும் என்பது பெரும் நன்மை. ஆயினும் நடுப்பகுதியில் ஏறவேண்டியது இறங்கும் இடர் இங்கும் முற்றாக நீங்குவதில்லை.

எனவே நடைமுறையில் கலப்பு முறையையே பெரிதும் கையாள்கின்றனர். பெரிய நான்கு இலக்கங்களுக்கு 15 சம கற்கள். எஞ்சிய 12 இலக்கங்களுக்கு ஏணி. பிழை பெருந்தீங்கு செய்யும் இடத்தில் செலவு செய்து, சிறுதீங்கு செய்யும் இடத்தில் சிக்கனம் பேணுதல் இம்முறையின் நுட்பமாகும்.

ஓர் இலக்கத்தின் விலை

தடையிகளை இன்னும் செம்மையாக ஆக்கினால் என்ன என்று மாணவர்கள் வினவலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே சில்லில் அருகருகே அமைக்கப்பட்ட இரு உறுப்புகளும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. பரப்பு சிறிதாயின் அவற்றின் வேறுபாடு கூடும். பரப்பு பெரிதாயின் தற்செயலான ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று ஈடுசெய்து வேறுபாடு குறையும். பிலிப்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மார்செல் பெல்குரோம் என்பவரும் அவருடைய தோழர்களும் 1989 இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வேறுபாடு பரப்பின் வர்க்கமூலத்திற்கு நேர்மாறு விகிதசமமானது என எடுத்துக்காட்டியது.

இதன் பொருள் யாது? செம்மையை இரு மடங்காக்க வேண்டின் பரப்பை நான்கு மடங்காக்க வேண்டும். ஓர் இலக்கம் கூட்டுவது செம்மையை இரு மடங்காக்குவதே. ஆகவே 12 இலக்க மாற்றியை 16 இலக்கமாக உயர்த்துவதற்கு, இவ்வழியில் மட்டும் சென்றால், பரப்பு 4 × 4 × 4 × 4, அதாவது 256 மடங்காக வேண்டும். சில்லின் விலை அதன் பரப்பைப் பொறுத்தது. பெரிய உறுப்பு மின்னேற்றத்தைக் கூடுதலாகத் தேக்குவதால் வேகமும் குறையும். லேசர் கதிரால் ஒவ்வொரு தடையியையும் செதுக்கிச் சரிசெய்யும் முறையும் உண்டு. அது நற்பயன் தரும். ஆனால் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே அளந்து திருத்த வேண்டியிருப்பதால் செலவு மிக்கது.

பதினான்கா, பதினாறா?

இவ்விட்டுக்கொடுப்புகளை நன்கு எடுத்துக்காட்டுவது இறுவட்டின் பிறப்பு வரலாறாகும். ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனமும் யப்பானியச் சோனி நிறுவனமும் இணைந்து இறுவட்டின் நியமத்தை 1980 இல் வகுத்தன. பிலிப்ஸ் 14 இலக்கங்களை விரும்பியது. அதற்கேற்ற மாற்றி அந்நிறுவனத்திடம் இருந்தது. சோனி 16 இலக்கங்களை வலியுறுத்தியது. முடிவில் 16 இலக்கங்களே நியமமாயின.

1982 ஒக்ரோபர் முதலாம் திகதி யப்பானில் சோனியின் சி.டி.பி.-101 என்ற கருவி விற்பனைக்கு வந்தது. அதில் 16 இலக்க மாற்றி இருந்தது. ஆனால் ஒன்றே ஒன்றுதான். அம்மாற்றி இடச்செவிக்கும் வலச்செவிக்கும் மாறிமாறிப் பணி செய்தது. இதனால் ஒரு செவிக்குரிய ஒலி மற்றதைவிட ஏறத்தாழ 11 மைக்குரோ செக்கன் பிந்தி வந்தது. அவ்வளவு நேரத்தில் ஒலி காற்றிலே 4 மில்லிமீற்றர் தூரமே செல்லும். கேட்பவர் தலையைச் சற்று அசைத்தாலே இதனிலும் கூடிய வேறுபாடு உண்டாகும். விலையுயர்ந்த மாற்றியொன்றை மிச்சப்படுத்துவதற்காகச் சோனியின் பொறியியலாளர்கள் பிழையைக் காலத்தில் வைத்தனர்.

பிலிப்ஸ் நிறுவனத்தின் முதற் கருவியோ ஒவ்வொரு செவிக்கும் தனித்தனி மாற்றியைக் கொண்டிருந்தது. ஆனால் அவை 14 இலக்க மாற்றிகள். 16 இலக்க எண்ணை 14 இலக்க மாற்றியால் எவ்வாறு ஒலிப்பது? ஒவ்வொரு மாதிரிக்கும் இடையே கணக்கிட்டு மேலும் மூன்று எண்களைச் சேர்த்து, செக்கனுக்கு 44,100 என்பதை 176,400 ஆக்கினர். இம்முறை மிகைமாதிரியெடுத்தல் எனப்படும். 14 இலக்கங்களுக்குள் அடங்காது எஞ்சிய சிறு பங்கை எறிந்துவிடாமல் அடுத்த எண்ணின் கணக்கில் சேர்த்தனர். இவ்விரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 13 டெசிபெல் நன்மையைத் தந்தன. ஓர் இலக்கம் 6 டெசிபெல்லுக்குச் சமனாதலால், விட்டுப்போன இரண்டு இலக்கங்களும் மீண்டும் கிடைத்துவிட்டன. உறுப்பின் செம்மையால் பெற இயலாததை வேகத்தால் பெற்றனர் எனலாம்.

இதனால் மற்றொரு நன்மையும் கிட்டியது. செக்கனுக்கு 44,100 எண்கள் என்ற வீதத்தில் ஒலியை மீட்கும்போது, 20 கிலோ ஹேட்சு ஒலியின் நிழலொன்று 24.1 கிலோ ஹேட்சில் தோன்றும். இசையை விட்டு நிழலை மட்டும் அகற்றுவதற்கு மிகச் செங்குத்தான வடிகட்டி வேண்டும். அத்தகைய வடிகட்டிக்குப் பல உறுப்புகள் தேவை. அது உயர்சுருதி ஒலிகளை நேரத்தில் சற்றுப் பிறழவும் செய்யும். வீதம் நான்கு மடங்கானபோதோ நிழல்கள் 156 கிலோ ஹேட்சுக்கு அப்பால் தள்ளப்பட்டன. அவற்றை எளிய வடிகட்டியாலே அகற்ற முடிந்தது.

14 இலக்கச் செம்மையையும் பிலிப்ஸ் தடையிகளின் தரத்தால் மட்டும் அடையவில்லை. அந்நிறுவனத்தின் ரூடி வான் டி பிளாஸ்சே 1976 இல் வெளியிட்ட உத்தி அதற்குக் கைகொடுத்தது. இரு கற்கள் சமமாக இல்லையெனில், அவற்றை விரைவாக இடம் மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதே அது. ஒரு கணம் இக்கல் இப்பக்கம், மறுகணம் அப்பக்கம். சராசரியில் இரு பக்கமும் சமமாகும். இரு பிள்ளைகளுக்குப் பலகாரத்தைப் பங்கிடும் தாய், ஒரு நாள் பெரிய பங்கை மூத்தவனுக்கும் மறுநாள் இளையவனுக்கும் கொடுப்பது போன்றதே இது.

எஞ்சியதைக் கணக்கில் வைத்தல்

வேகத்தைக் கூட்டி இலக்கங்களைக் குறைக்கலாம் என்ற இவ்வழியில் இறுதிவரை சென்றால் என்ன? ஒரே ஓர் இலக்கம் போதும் என்ற முடிவுக்கு வருவோம். தோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இனோசே, யசுடா, முரகாமி ஆகியோர் 1962 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை டெல்ற்றா-சிக்மா முறை என்ற பெயரை வழங்கியது. அதன் உட்பொருளை எமது ஏழாம் வகுப்பு மாணவரும் தாளிலே செய்து பார்க்கலாம்.

வெளியிட வேண்டிய அளவு 0.3 எனக் கொள்க. ஆனால் எம்மிடம் 0, 1 ஆகிய இரண்டு அளவுகளே உள்ளன. 0.3 ஐத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு செல்க. கூட்டுத்தொகை 1 ஐ எட்டும்வரை 0 எழுதுக. எட்டியதும் 1 எழுதி, கூட்டுத்தொகையிலிருந்து 1 ஐக் கழித்து, எஞ்சியதை வைத்துக்கொண்டு தொடர்க. 0.3, 0.6, 0.9 ஆகிய மூன்றுக்கும் 0. அடுத்தது 1.2, எனவே 1 எழுதி 0.2 ஐ மீதியாக வைக்கின்றோம். இவ்வாறு பத்து முறை செய்தால் 0, 0, 0, 1, 0, 0, 1, 0, 0, 1 என்ற வரிசை கிடைக்கும். பத்தில் மூன்று ஒன்றுகள். சராசரி 0.3. ஒவ்வோர் எண்ணும் பிழையானது. ஆனால் எப்பிழையும் மறைக்கப்படாமல் கணக்கில் வைக்கப்பட்டதால் மொத்தம் சரியானது.

இரண்டே அளவுகள் உள்ள மாற்றிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இரு புள்ளிகளினூடாக ஒரேயொரு நேர்கோடே செல்லும் என்று கேத்திரகணிதத்தில் கற்றிருக்கின்றோம். அளவுகள் இரண்டு மட்டுமே ஆனால், அவை எங்கிருந்தாலும் கோடு நேர்கோடுதான். கற்களுக்கிடையே ஒப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. இதனாலேயே 1980களின் இறுதியிலிருந்து ஓரிலக்க மாற்றிகள் மலிவான கருவிகளிலும் இடம்பெற்றன. 1999 இல் சோனியும் பிலிப்சும் வெளியிட்ட உயர்தர இறுவட்டு, செக்கனுக்கு 28 இலட்சத்து 22 ஆயிரத்து 400 ஓரிலக்க எண்களைக் கொண்டிருந்தது.

ஆயினும் இங்கும் விட்டுக்கொடுப்பு இல்லாமலில்லை. மேலே கண்ட வரிசை பத்து எண்களுக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வரும். திரும்பத் திரும்ப வருவது எதுவும் ஒரு சுருதியாகும். எனவே அமைதியான இடத்தில் மெல்லிய சீழ்க்கை ஒலி எழக்கூடும். அதனை மறைக்கச் சிறிதளவு ஒழுங்கற்ற இரைச்சலை வேண்டுமென்றே சேர்ப்பதுண்டு. ஆனால் இரண்டே அளவுகள் உள்ள முறையில் அவ்விரைச்சலை வேண்டிய அளவு சேர்ப்பதற்கு இடம் போதாது எனக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரான்லி லிப்சிற்ஸ், ஜோன் வண்டர்கூய் ஆகியோர் 2001 இல் வாதிட்டனர்.

மேலும் இரண்டு அளவுகளுக்கிடையே பாய்ந்து பாய்ந்து செல்லும் மாற்றி, கடிகாரப் பிழையை மிகவும் உணரும். 16 இலக்க மாற்றியிலேயே, 20 கிலோ ஹேட்சு முழு வலு ஒலி அரைப்படி அளவுக்குப் பிழைபடாதிருக்க வேண்டுமாயின், ஒவ்வோர் எண்ணும் தனக்குரிய நேரத்திலிருந்து 120 பிக்கோ செக்கனுக்கு மேல் பிறழக்கூடாது. ஒரு பிக்கோ செக்கன் என்பது ஒரு செக்கனை இலட்சங்கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. சிறு படிகளால் ஏறி இறங்கும் மாற்றியைவிட, பெரும் பாய்ச்சல் பாயும் மாற்றிக்கு நேரப்பிழை கூடிய தீங்கு செய்யும்.

ஆகவே இன்றைய உயர்தர மாற்றிகள் பல நடுவழியைப் பின்பற்றுகின்றன. ஓர் இலக்கமும் அன்று, பதினாறும் அன்று, சில இலக்கங்கள். அவற்றைச் சம கற்களால் அமைத்து, அக்கற்களை இடைவிடாது இடம் மாற்றுகின்றன. 1976 இல் கண்ட உத்தி புதிய உருவில் மீண்டும் பயன்படுகின்றது.

பாட்டனாரின் செவியில்

இவையெல்லாம் இசைப்பிரியர்களின் ஆடம்பரம் என எண்ணலாகாது. எம்மிடையே வாழும் முதியோர் பலர் கேட்டற்கருவி அணிந்திருக்கின்றனர். 1996 அளவில் முழு இலக்கமுறைக் கேட்டற்கருவிகள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் பலவற்றை இயக்கும் நாகக் கலம் 1.4 வோல்ற்று அழுத்தமே தரும். ஒரு மில்லி அம்பியர் அளவான மின்னோட்டத்தில் ஒலிவாங்கி, கணிப்பான், மாற்றி, ஒலிப்பான் அனைத்தும் பல நாட்கள் இயங்க வேண்டும். இங்கே முதலிடம் பெறுவது மின்செலவுச் சிக்கனம். ஆதலால் முதலில் அழுத்தமாக மாற்றிப் பின்னர் பெருக்குவதை விடுத்து, இரண்டே அளவுகளைக் கொண்ட விரைவான துடிப்புகளால் ஒலிப்பானை நேரடியாகவே இயக்குகின்றனர். ஒலிப்பானின் கம்பிச்சுருளே அத்துடிப்புகளைச் சமன்செய்துவிடும்.

1990களில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் மிதிவண்டிச் சில்லைச் சுற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்ட தலைமுறையினர் நாம். ஒலியைச் சற்றுக் கூட்டினால் சுற்றுபவரின் கை எவ்வளவு நோகும் என்பதை நாம் அனுபவத்தால் அறிவோம். மின்செலவு என்பது எமக்கு வெறும் பாடநூற் சொல்லன்று.

கேட்டற்கருவியில் காலமும் ஒரு சிக்கலாகும். இலக்கமுறை வடிகட்டி தன் கணக்கைச் செய்வதற்குச் சிறிது நேரம் எடுக்கும். இசையைக் கேட்கும்போது அத்தாமதம் எவருக்கும் தெரியாது. ஆனால் கேட்டற்கருவியில் தாமதம் பத்து மில்லி செக்கனை அண்மித்தால், பேசுபவருக்குத் தம்முடைய குரலே எதிரொலி போலக் கேட்டுத் தொல்லை தரும். ஆகவே அங்கே மிகச் செம்மையான வடிகட்டியைக் கைவிட்டு, விரைவான வடிகட்டியைத் தெரிவு செய்கின்றனர். பேரப்பிள்ளை கூறுவது உடனே கேட்க வேண்டும்; வீணையின் மிக உயர்ந்த சுருதிகள் சற்றுக் குறைந்தாலும் ஆகட்டும் என்பதே அத்தெரிவின் பொருள்.

பெட்டியில் அச்சிட்ட எண்

கடைகளில் 24 இலக்கம் என்றும் 32 இலக்கம் என்றும் பெட்டியில் அச்சிட்ட கருவிகள் விற்கப்படுகின்றன. எண் பெரிதாயின் தரமும் பெரிதென்று பிள்ளைகள் எம்மிடம் கேட்பது இயல்பே. 24 இலக்கங்களுக்கு 1 கோடியே 67 இலட்சத்து 77 ஆயிரத்து 216 படிகள். 5.7 வோல்ற்றை அவ்வாறு பிரித்தால் ஒரு படி 0.34 மைக்குரோ வோல்ற்று. ஆனால் 1 கிலோ ஓம் தடையி, அறை வெப்பநிலையில், செவியுணரும் மீடிறன் எல்லைக்குள் ஏறத்தாழ 0.57 மைக்குரோ வோல்ற்று இரைச்சலைத் தானாகவே எழுப்பும். அணுக்களின் வெப்ப அசைவினால் எழும் இவ்விரைச்சலை எந்தத் தொழிற்சாலையும் நீக்க முடியாது. தடையைக் குறைத்தால் இரைச்சல் குறையும். ஆனால் மின்செலவு கூடும். ஆகவே கடைசி இலக்கங்கள் பெரும்பாலும் இரைச்சலினுள் அமிழ்ந்தே கிடக்கின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் கணக்கிடும்போது அவை பயன்படும். வீட்டில் கேட்பதற்குக் கருவி வாங்கும் பெற்றோர், இலக்கங்களின் எண்ணிக்கையை விட்டு, இரைச்சல் எத்தனை டெசிபெல் என்பதைக் கேட்டறிவது நன்று.

மாணவர்க்கு ஒரு செய்முறை

மேல்வகுப்பு மாணவர்கள் நான்கு இலக்க ஏணி மாற்றியொன்றைத் தாமே அமைத்துப் பார்க்கலாம். 10 கிலோ ஓம் தடையிகள் பதின்மூன்று போதும். பக்கச் சட்டத்திற்கு மூன்று. நான்கு படிகளுக்கும் ஏணியின் அடிமுனைக்கும் இவ்விரண்டைத் தொடராக இணைத்துப் பத்து. நான்கு உலர்கலங்கள் 6 வோல்ற்று தரும். ஒவ்வொரு படியின் முனையையும், இலக்கம் 1 எனில் கலத்தின் நேர்முனையுடனும், 0 எனில் எதிர்முனையுடனும் இணைக்க வேண்டும். அடிமுனை எப்போதும் எதிர்முனையுடனே இருக்கும். மிகப் பெரிய இலக்கத்தின் படி சேரும் சந்தியில் அழுத்தத்தை அளந்தால், ஏழுக்கு 2.63 வோல்ற்றும் எட்டுக்கு 3 வோல்ற்றும் காணப்படும்.

பின்னர் மிகப் பெரிய இலக்கத்தின் படியில் இரண்டுக்குப் பதிலாக மூன்று தடையிகளை இணைத்து மீண்டும் அளக்க. இப்போது ஏழுக்கு 3.15 வோல்ற்றும் எட்டுக்கு 2.4 வோல்ற்றும் வரும். கூடக் கேட்டவருக்குக் குறையக் கிடைப்பதைக் கண்ணாற் காணலாம். மற்றைய பதினொரு தடையிகளும் சரியாக இருந்தும் பயனில்லை. பெரிய பொறுப்பைத் தாங்கும் ஓர் உறுப்பில் உள்ள குறை, சிறிய உறுப்புகள் அனைத்தின் நேர்மையையும் வீணாக்கிவிடுகின்றது. இது மின்சுற்றுக்கு மட்டும் உரிய விதி அன்று என்பதை மாணவர்கள் வளர வளர அறிவர்.

இச்செய்முறையைச் செய்ய விரும்பும் மாணவர்கள் சனிக்கிழமை வகுப்பு முடிந்தபின் என்னை அணுகலாம். பதினான்கு தடையிகளையும் நான் கொண்டுவருகின்றேன். கலங்களை அவர்கள் கொண்டுவரட்டும்.